காரும் இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை

வாசகர் கேள்விகளுக்கு மூத்த வழக்கறிஞர் பதிலளிக்கிறார்

கேள்வி: ஐயா, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் கார் சென்ற மாதம் ஓர் இரவில் திருடு போய்விட்டது. விடிந்ததும் 100-க்கு அழைத்தேன். ரோந்து வண்டியில் வந்த காவலர்கள் இடத்தைப் பார்த்துவிட்டு, நிலையத்துக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நிலையத்திலோ, எங்கள் தெருவின் இந்தப் பக்கம் தங்கள் எல்லைக்குள் வராது என்று அடுத்த நிலையத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் மறுபடியும் இங்கேயே அனுப்பினார்கள். ஒருவழியாக மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்ததோடு சரி. அதிகாலையில் கார் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்ததாக ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதைக் காட்டியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. "பைனான்ஸ்காரர் தூக்கிப் போயிருப்பார், விசாரித்துப் பாருங்கள்" என்கிறார் ரைட்டர். நான் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இரண்டு சாவியும் என்னிடமே இருக்கின்றன என்று சொன்னதிலிருந்து என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். யாரிடம் போய் முறையிடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னைப் புறநகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கோபங்கள் கலந்திருக்கின்றன. புகாரைப் பதிவு செய்யாதது ஒன்று, காரைத் தேடாதது மற்றொன்று. இரண்டாவதில் சட்டம் ஓரளவுதான் உதவும். எந்த நீதிமன்றமும் ஒரு காவல் ஆய்வாளரிடம் "இத்தனை நாளில் காரைக் கண்டுபிடித்துக் கொடு" என்று உத்தரவிட முடியாது. முதலாவதில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது. ஆகவே காரைப் பற்றிய பேச்சைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் தகவல் அறிக்கையை (எஃப்.ஐ.ஆர்.) வாங்குவதில் முழு மூச்சாக இறங்குங்கள். காப்பீட்டுத் தொகை, அந்தக் காரில் யாரேனும் குற்றம் செய்தால் உங்கள் தலை தப்புவது, பின்னால் கார் கிடைத்தால் அதைத் திரும்பப் பெறுவது எல்லாமே அந்த ஒரு தாளைச் சார்ந்தவை.

உங்கள் கையில் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. அது வழக்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு நிலையம் புலன்விசாரணை நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. காப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்காது. குடும்பச் சண்டை, வாய்க்கால் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் மனு விசாரணை என்ற வழி பயன்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்ற கார் விடிவதற்குள் மறைந்துபோன விஷயத்தில் எந்த இரு தரப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசப் போகிறார்கள்?

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்று, தமிழ்நாட்டைச் சேர்ந்தவரான அன்றைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. தகவல் உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்வேன் என்று காவல்துறை சொல்ல முடியாது என்பதும், பதிவு செய்யாத அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. இந்த வழக்கைத் தெரியாத காவல் ஆய்வாளர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஆகவே அவருக்குப் பாடம் நடத்தப் போகாதீர்கள், மனுவின் கடைசிப் பத்தியில் வழக்கின் பெயரை மட்டும் எழுதிவிடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இப்போது இதற்குப் பொருந்தும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று செய்தித்தாள்களில் படிப்பது இதைத்தான். தெருவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பதிவுக்குப் பிறகு இரண்டு நிலையங்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அந்த எல்லைக் கோட்டை அளந்து சொல்வது காரைப் பறிகொடுத்தவரின் வேலை அல்ல. மின்னணு வழியாகவும் தகவல் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை.

இங்கே நிலையத்துக்கு ஒரு சிறு சந்து இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் (மாநகரமானால் உதவி ஆணையர்) நிலை அதிகாரியின் முன் அனுமதியோடு, வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். அதை 14 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை என்பதால் அது இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. (பயணிகளையோ சரக்குகளையோ ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் திருடினால் 305-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை உண்டு, அந்தப் பிரிவின்கீழ் வந்தால் இந்தச் சந்தும் அடைபட்டுப் போகும்.) "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், எந்த உதவி ஆணையர் எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் 14 நாள் எப்போதோ கடந்துவிட்டது.

அடுத்து, மேலதிகாரி. மாவட்டமானால் காவல் கண்காணிப்பாளர், மாநகரமானால் துணை ஆணையர். சென்னையைச் சுற்றி 2022 முதல் தாம்பரம், ஆவடி என்று தனி ஆணையரகங்கள் இருப்பதால், உங்கள் தெரு எதற்குள் வருகிறது என்று பார்த்து அனுப்புங்கள். மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாலும், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒன்று போகட்டும். நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவு தபாலில் அனுப்புவதைத்தான் குறிப்பிடுகிறது, பின்னால் நீதிமன்றத்தில் காட்டவும் அந்த அட்டைதான் வேண்டும். அங்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், எல்லைக்குட்பட்ட குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், பிரமாண வாக்குமூலத்தோடு 175(3) பிரிவின்கீழ் மனுத் தாக்கல் செய்யலாம். நடுவர் காவல்துறையின் விளக்கத்தையும் கேட்டுவிட்டு, புலன்விசாரணைக்கு உத்தரவிடலாம். மேலதிகாரிக்கு அனுப்பியதற்கு ஆதாரம் இல்லாமல் நேராக நடுவரிடம் போனாலோ, நடுவரைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றம் போனாலோ, பெரும்பாலும் வந்த வழியே திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

பதிவு செய்யாத அதிகாரியைச் சிறைக்கு அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அந்தத் தண்டனைப் பிரிவு, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, ஆள்கடத்தல் போன்ற குறிப்பிட்ட குற்றங்களின் புகார்களுக்கு மட்டுமே பொருந்தும். கார் திருட்டுக்குப் பொருந்தாது. நிலையத்தில் போய் அதைச் சொல்லி மிரட்டினால் சிரிப்பார்கள்.

பைனான்ஸ் சந்தேகத்தைப் பற்றி: அது முழுக்க அபத்தம் என்று சொல்ல மாட்டேன். தவணை நிலுவைக்காகக் கடன் நிறுவன ஆட்கள் இரவில் வண்டியை எடுத்துச் செல்வதும், உரிமையாளர் மறுநாள் திருட்டுப் புகாரோடு வருவதும் காவல் நிலையங்கள் பார்த்துச் சலித்த கதைதான். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் சந்தேகம் அது. அதற்காக ஒரு மாதம் வழக்கை நிறுத்தி வைப்பது சாக்கு. கடன் கொடுத்த வங்கியிடம் "தவணை நிலுவை இல்லை, வாகனம் எங்களால் கைப்பற்றப்படவில்லை" என்று ஒரு கடிதமும் கணக்கு அறிக்கையும் வாங்கி மனுவோடு இணைத்துவிடுங்கள். கார் போய்விட்டதே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கடனாகத்தான் நிற்கும், நிலுவை விழுந்தால் அந்தச் சாக்குக்கு நீங்களே உயிர் கொடுத்ததாகிவிடும்.

சாவி விஷயத்திலும் அப்படியே. பூட்டை உடைத்து, ஒயரை இணைத்து வண்டியைக் கிளப்பிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கணினியைச் செருகிப் பழுது பார்க்கும் ஓ.பி.டி. போர்ட் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடியை உடைத்து உள்ளே போகிறவர் ஒரு சிறு கருவியை அதில் செருகிப் புதிய சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்திவிட முடியும். பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை இருவர் கருவிகளோடு நின்று வாசல் வரை கடத்துவதும் நடக்கிறது. ஆகவே இரண்டு சாவியும் கையில் இருப்பது உங்களுக்கு எதிரான சாட்சி ஆகாது. காப்பீட்டுக்கு அதுதான் முதல் தேவை. அவற்றை யாரிடமும் ஒப்புதல் ரசீது இல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது அந்தக் குறுஞ்செய்தி. ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியின் செயலியில் பரிவர்த்தனை விவரத்தை எடுத்தால் சுங்கச்சாவடியின் பெயரும் நேரமும் இருக்கும். அதற்கு அப்புறம் ஆத்தூரிலோ விக்கிரவாண்டியிலோ பணம் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பரனூரைத் தாண்டி ஆத்தூரில் பதிவே இல்லை என்றால், ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டார்கள், அல்லது செங்கல்பட்டுக்கு அருகிலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டார்கள். எதுவானாலும் தேட வேண்டிய தூரம் குறைகிறது. கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்து, மேலே புதியவை ஏறிவிடும். ஆவணங்களையும் பதிவுகளையும் ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்கீழ் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு உண்டு. "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன சுங்கச்சாவடி, அந்தப் பதிவைக் கைப்பற்றுங்கள்" என்று தனியாக ஒரு மனு இன்றே கொடுங்கள், பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டு அதன் நகலைச் சுங்கச்சாவடி மேலாளருக்கும் அனுப்புங்கள். தெருவில் எந்த வீட்டில், எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று நீங்களே நடந்து பார்த்து, அவர்கள் சம்மதத்தோடு பென் டிரைவில் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இது காவலர் செய்ய வேண்டிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் செய்யும்வரை அந்த ஹார்ட் டிஸ்க் காத்திருக்காது என்பதிலும் சந்தேகமில்லை.

ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்றும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்; கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பதிவான ஒவ்வொரு திருட்டும் நிலையத்தின் நிலுவைக் கணக்கில் ஏறுகிறது. மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் "எத்தனை வழக்கு, எத்தனை கண்டுபிடிப்பு" என்று மேலே இருப்பவர் கேட்பார். பதிவாகாத திருட்டுக்கு அந்தக் கேள்வியே இல்லை. வழக்கு எண்ணிக்கை குறைந்தால் குற்றம் குறைந்ததாக அறிக்கை வாசிக்கும் பழக்கம் மேலிடத்தில் இருக்கும்வரை, மனு எழுதிக்கொண்டு வருகிறவரைக் கீழே உள்ள ரைட்டர் இன்னொரு நிலையத்துக்குத்தான் அனுப்புவார். தனிப்பட்ட ஒரு காவலரின் சோம்பலாக மட்டும் இதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கேள்வி: எங்கள் கார் திருட்டுக்கு உடனே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஓர் அசைவும் இல்லை. போன் செய்தால் "கிடைத்தால் சொல்கிறோம்" என்கிறார்கள். இப்போது வழக்கை முடித்துவிடுவதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கு 90 நாட்களுக்குள் காவல் அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 193-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே போன் செய்வதை விட்டுவிட்டு, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். எந்தெந்தக் கேமராப் பதிவுகள் கைப்பற்றப்பட்டன, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் போயிற்றா, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வாகனப் பட்டியலில் உங்கள் காரின் எண் ஏறியதா என்று வரிசையாகக் கேள்வி வையுங்கள். கடைசியாகச் சொன்ன பட்டியல் முக்கியம். வேறு மாநிலத்தில் யாரேனும் உங்கள் காரை மறுபதிவு செய்ய முயன்றால், அங்கே என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சிக்க வேண்டும் என்றால், இங்கே யாராவது அவற்றைத் தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

பதில் வராவிட்டாலோ விசாரணை பெயரளவுக்குத்தான் நடக்கிறது என்றாலோ, முறையான புலன்விசாரணை நடப்பதை உறுதிசெய்யும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சகிரி வாசு வழக்கில் கூறியிருக்கிறது.

கையெழுத்தைப் பொறுத்தவரை, எதில் போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று நீதிமன்றத்துக்கு இறுதி அறிக்கை அனுப்புவதையும், அந்த அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்தது என்று கையொப்பமிடுவதையும் கண்டு பயப்பட வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் கேட்பதே அந்த அறிக்கையைத்தான். பின்னால் துப்புக் கிடைத்தால் மேல் விசாரணைக்குச் சட்டத்தில் இடமுண்டு. விசாரணை போதவில்லை என்று கருதினால் நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்", "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிய தாளிலோ, வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போட்டால் காப்பீட்டுத் தொகையை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: நிலையத்துக்கு அலைந்த அலைச்சலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லவே மூன்று வாரம் ஆகிவிட்டது. "உடனடியாகத் தெரிவிக்கவில்லை" என்ற காரணம் சொல்லித் தொகையை மறுத்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். மறுநாளே பதிவானது.
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் நிலை வலுவாக இருக்கிறது. டிராக்டர் திருடு போன அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவாகி, 52 நாள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்த குர்ஷிந்தர் சிங் வழக்கில், அந்தத் தாமதத்தை மட்டும் வைத்துத் தொகையை மறுக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2022-இல் ஜைனா கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில், தாமதம் ஐந்து மாதமாக இருந்தும் அதே நிலைப்பாடு எடுக்கப்பட்டது. காவல்துறைக்கு உடனே சொல்லியாயிற்றா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது; ஏனென்றால் வண்டியைத் தேடப் போவது காவல்துறையே தவிர, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் அல்ல.

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு இந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் வரம்பு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு காலக்கெடு. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது.

கிடைக்கப் போவது நீங்கள் கொடுத்த விலை அல்ல, பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி., அதாவது காருக்குக் காப்பீடு செய்த மதிப்பு என்பதையும் மனத்தில் வையுங்கள். இரண்டு ஆண்டு தாண்டி மூன்றாம் ஆண்டில் ஓடும் காருக்கு 30 சதவீதம் கழித்துத்தான் அந்த மதிப்பு போடப்படுகிறது. கடன் பாக்கி இருந்தால் அது முதலில் வங்கிக்குப் போய், மீதிதான் உங்கள் கைக்கு வரும்.

கேள்வி: திருடு போன என் காரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் வழக்குச் சொத்து என்று சொல்லி நிலைய வளாகத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்து டயர்கள் காற்றிறங்கிக் கிடக்கின்றன. வழக்கு முடியும்வரை இப்படியேவா?
– வாசகர், கோவை

பதில்: தேவையில்லை. தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பார்த்தாலும், வேப்பஞ்சருகு மூடி, கண்ணாடி தெரியாத அளவுக்குத் தூசி படிந்து, பேனட்டின் வழியே செடி எட்டிப் பார்க்கும் வண்டிகள் நிற்கும். பறிமுதல் செய்த வாகனங்களை நிலையத்தில் நீண்ட காலம் போட்டு வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. புகைப்படம் எடுத்து, பஞ்சநாமாவும் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் விவரக் குறிப்பு) தயாரித்துக்கொண்டு, உரிய பிணையோடு உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லி 2002-இலிருந்து காலம் எவ்வளவோ ஓடிவிட்டது.

நிலையத்தில் கெஞ்சிப் பயனில்லை; வண்டியை விடுவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கிறது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, புதிய நடைமுறைச் சட்டத்தின் 497 அல்லது 503-ஆவது பிரிவின்கீழ் நடுவரிடம் மனுப் போடுங்கள். ஆர்.சி., காப்பீடு, அடையாள அட்டை, எஃப்.ஐ.ஆர். நகல் இணைக்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதமும் எடுத்துச் செல்லுங்கள். கேட்கும்போது காரை ஆஜர்படுத்த வேண்டும், விற்கக் கூடாது, நிறத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளோடு கிடைக்கும். எடுக்கும் அன்று ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய், பேட்டரி, ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம், நான்கு டயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இல்லாததை எழுதிவிட்டு அப்புறம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள். காப்பீட்டுத் தொகையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மட்டும் இந்த மனு உங்களுக்கு உரியது அல்ல. கார் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகியிருக்கும், அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.